பதினாறாம் நம்பர் லாரி

லாரி என்று சொன்னவுடனே நம் மனக்கண் முன் வந்து நிற்பது எது? நெல் மூட்டைகள், செங்கல், வைக்கோல் போர், அந்தப் போரின் உச்சியில் ஆகாசத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும் இரண்டு ஆட்கள். மேட்டில் ஏறும்போது அது முக்கி முனகுவதைக் கேட்டால் நமக்கே இறங்கித் தள்ளலாம் போலத் தோன்றும். அப்பேர்ப்பட்ட ஜாதியைச் சேர்ந்த ஒரு வாகனத்தை, மணிக்கு 170 மைலுக்குமேல் வேகமாக வட்டப் பாதையில் ஓட்டிப் பந்தயம் விடுகிறார்கள் என்று சொன்னால் நேயர்கள் என்னை ஒரு தினுசாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். நான் கண்ணால் கண்டதைத்தான் சொல்லுகிறேன்.

2018-ம் வருஷம் மே மாதத்தில் நான் அமெரிக்காவின் வட கரோலினா ராஜ்யத்தில் ஷார்லட் என்னும் பட்டணத்தில் என் சகோதரி குமாரன் வீட்டில் தங்கியிருந்தேன். அவனுக்கு அங்கே ஒரு பாங்கியில் உத்தியோகம். ஷார்லட் பட்டணத்தில் இரண்டு விஷயங்கள் பிரசித்தம்; ஒன்று பாங்கி, மற்றொன்று மோட்டார்ப் பந்தயம். பணம் சேர்க்கும் தொழிலும் பணத்தைப் புகையாக்கும் தொழிலும் பக்கத்தில் பக்கத்தில் குடித்தனம் செய்வது இயற்கைதானே?

"மாமா! ஊருக்குத் திரும்பிப் போனால் எல்லாரும் உங்களை நயாகரா நீர்வீழ்ச்சியைப் பற்றித்தான் கேட்பார்கள். அதை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். இதை வந்து பாருங்கள்" என்று என் மருமான் சொல்லி, மே மாதம் 18-ந் தேதி வெள்ளிக்கிழமை சாயங்காலம் பந்தய மைதானத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போனான். காதில் அடைத்துக்கொள்ளச் சிறு பஞ்சுருண்டை மாதிரி ஏதோ கொடுத்தான். நான் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். முதல் சுற்று முடிவதற்குள் அதைத் தேடி எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன் என்று சொன்னால் போதும். சத்தத்தைப் பற்றி அதற்குமேல் வர்ணிக்க வேண்டியதில்லை.

பாதையின் சுற்றளவு ஒன்றரை மைல். திருப்பங்களில் தரை 24 டிகிரி சாய்ந்திருக்கிறது. ஓட்டு வீட்டுக் கூரைமேல் வண்டி ஓட்டுகிற மாதிரிதான். அந்தப் பாதையில் 134 தடவை சுற்ற வேண்டும். மொத்தம் 201 மைல். அன்றைக்கு ஜெயித்தவர் ஜானி ஸாட்டர் என்ற அநுபவசாலி. ஆனால் என் கண் போனது அவர் வண்டியின்மேல் அல்ல. வண்டிகளின் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு விரலால் தடவிக்கொண்டே வந்தவன் பதினாறாம் நம்பருக்கு எதிரில் நின்றுவிட்டேன். ஓட்டி பிரெட் மாஃபிட். முதலாளி ஷிகேயாகி ஹட்டோரி. அமெரிக்கத் தெற்குச் சீமையின் பரம்பரை விளையாட்டில், ஸ்மித்துகளுக்கும் ஜான்ஸன்களுக்கும் நடுவே ஹட்டோரிக்கு என்ன வேலை என்று மருமானைக் கேட்டேன். அந்தக் கேள்விக்கு விடை தெரிந்துகொள்ள எனக்குச் சில வருஷங்கள் பிடித்தன.

முதலில் அந்த லாரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது உண்மையில் லாரியே அல்ல. நம் ஊரில் சின்னச் சாமான் ஏற்றும் பிக்கப் வண்டி இருக்கிறதல்லவா, அதன் வேஷத்தைப் போட்டுக்கொண்ட பந்தய வண்டி. உள்ளே இரும்புக் குழாய்களால் பின்னிய கூண்டு, அதற்குமேல் உடம்பு. கதவு கிடையாது, ஓட்டி ஜன்னல் வழியாகத்தான் புகுந்து உட்கார வேண்டும். முன்புறம் பளபளவென்று ஜோடி விளக்கு தெரியும். கிட்டப் போய்ப் பார்த்தால் அது ஒட்டிய படம்! சாமான் வைக்கும் பின்பக்கத்தை மூடி வைத்திருக்கிறார்கள். ஒரு மூட்டை உப்புக்கூட அதில் ஏற்ற முடியாது. ஆனாலும் கோடிக்கணக்கான அமெரிக்கர்கள் வீட்டில் பிக்கப் வண்டி வைத்திருப்பதால், தங்கள் வீட்டு வண்டியே ஓடுகிறது என்ற பாவனை அவர்களுக்கு. நாடகத்தில் அட்டைக் கிரீடம் வைத்த ராஜாவைப் பார்த்து நாம் கண்ணீர் விடவில்லையா? அதுபோலத்தான்.

"ஸ்டாக் கார்" என்ற பெயரே அப்படி வந்ததுதான். கடையில் விற்கிற மோட்டாரை அப்படியே கொண்டுவந்து ஓட்டுவது என்று அர்த்தம். அமெரிக்காவில் மதுவிலக்குச் சட்டம் அமுலில் இருந்த காலத்திலும் அதற்குப் பின்பும், மலைக் காடுகளில் காய்ச்சிய கள்ளச் சாராயத்தை ராத்திரி வேளைகளில் பட்டணங்களுக்குக் கொண்டுபோன பேர்வழிகள், போலீஸ் வண்டிக்கு எட்டாமல் ஓட்டுவதற்காகத் தங்கள் மோட்டார்களை முடுக்கிவிட்டு வைத்திருந்தார்கள். தொழில் இல்லாத நாட்களில் யார் வண்டி வேகமானது என்று பார்க்கத் தோன்றுவது சகஜந்தானே? இப்படி ஊருக்கு ஊர் நடந்துகொண்டிருந்த பந்தயங்களை ஒழுங்குபடுத்துவதற்காக, பில் பிரான்ஸ் என்பவர் 1947-ம் வருஷம் டிஸம்பர் மாதத்தில் டேடோனா கடற்கரையில் ஒரு ஹோட்டலில் கூட்டம் கூட்டினார். 1948-ல் பிறந்த அந்த ஸ்தாபனத்துக்கு "நாஸ்கார்" என்று பெயர். 1949 ஜூனில் ஷார்லட்டில் நடந்த அதன் முதல் "கடைச் சரக்கு" மோட்டார்ப் பந்தயத்தில் முதலாவதாக வந்த வண்டி, சாராயம் கடத்தும் வண்டிகளைப் போல் பின் வில்லைப் பலப்படுத்திய வண்டி என்று கண்டுபிடித்துத் தள்ளிவிட்டு, இரண்டாவதாக வந்த ஜிம் ரோப்பருக்கு ஜெயம் கொடுத்தார்கள். ஆரம்பமே அமர்க்களம்!

லாரிப் பந்தயம் வெகு பிற்பாடு வந்தது. முதல் பந்தயம் 1995 பிப்ரவரியில் பீனிக்ஸ் நகரத்தில் நடந்தது. மைக் ஸ்கின்னர் ஜெயித்தார். ஆரம்ப வருஷங்களில் ஒரு விசித்திர ஏற்பாடு இருந்தது. நாடகத்தில் இடைவேளை விடுகிற மாதிரி, பந்தயத்தில் பாதி ஓடியதும் நிறுத்திவிடுவார்கள். அந்த அவகாசத்தில் டயர் மாற்றலாம், பெட்ரோல் போடலாம், ஓட்டி சோடா குடிக்கலாம். சில மைதானங்களில் ஓடும் பந்தயத்தின் நடுவே வண்டியை ஒதுக்கி நிறுத்த இடமில்லை என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம், சில விநாடிகளில் டயர் மாற்றும் கைதேர்ந்த ஆட்களைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளச் சிறு முதலாளிகளால் முடியாது என்பது. சிறு பேர்வழிகளும் பிழைக்கட்டும் என்று நினைத்து ஏற்பட்ட பந்தயம் இது. அந்த நல்ல எண்ணம் எவ்வளவு தூரம் நிலைத்தது என்பதைப் பின்னால் பார்க்கப் போகிறோம்.

ஹட்டோரியின் விஷயத்துக்கு வருகிறேன். அவர் ஜப்பானில் ஒகயாமாவில் 1963-ல் பிறந்தவர். முதலாளியாவதற்கு முன் தாமே ஓட்டியாக இருந்தவர். அமெரிக்காவுக்கு வந்து, திறந்த சக்கரங்களுள்ள இன்டி லைட்ஸ் வண்டிகளில் ஜெயம் கண்டார். 1999-ல் அதற்கு மேற்படியான கார்ட் பந்தயங்களுக்கு உயர்ந்தார். ஆனால் பருவம் ஆரம்பித்துச் சில பந்தயங்களுக்குள்ளேயே அவருடைய இடம் போய், வேறொருவர் அந்த வண்டியில் ஏறினார். அதோடு சோர்ந்துபோகாமல் இன்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்திலும் ஓட்டியிருக்கிறார். டொயோட்டா கம்பெனி 2004-ம் வருஷம் இந்த லாரிப் பந்தயத்தில் தன் டுன்ட்ரா வண்டியைக் கொண்டுவந்து இறக்கிற்று. அடுத்த வருஷம் ஹட்டோரியும் அதை ஓட்டிப் பார்த்தார். பெரிதாக ஒன்றும் பலிக்கவில்லை. வயதும் நாற்பதைத் தாண்டிவிட்டது.

இத்தகைய நிலைமையில் மனிதர்கள் சாதாரணமாக என்ன செய்வார்கள்? சொந்த தேசத்துக்குத் திரும்பிப் போய் அந்தக் காலத்துப் பெருமையைப் பேசிக்கொண்டு காலத்தைத் தள்ளுவார்கள். ஹட்டோரி 2008-ல் சொந்தமாக ஒரு குழு ஆரம்பித்தார். ஷார்லட்டுக்கு வடக்கே மூர்ஸ்வில் என்ற ஊரில் பட்டறை. அந்த ஊரில் திரும்பின பக்கமெல்லாம் பந்தயப் பட்டறைதான். நம் பக்கத்தில் சில ஊர்களில் தெருவுக்குத் தெரு தறி இருக்கிற மாதிரி. முதலில் கீழ்ப்படியிலுள்ள பந்தயங்கள், பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாக லாரிப் பந்தயங்கள் என்று வந்து, 2017-ல் ரையன் ட்ரூயெக்ஸ் என்பவரை வைத்து முதன்முதலாக முழுப் பருவமும் ஓட்டினார். ஒரு ஜெயமும் இல்லை.

நான் நாற்பது வருஷம் கணக்கெழுதிப் பிழைத்தவன். ஆகையால் மற்றவர்கள் வண்டியின் வேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் தேய்ந்து தேய்ந்து கழற்றிப் போடும் டயர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது? டிக்கெட்டுப் பணமும் பரிசுப் பணமும் மூலைக்குக் காணாது. பணம் உபயதாரர்களிடமிருந்து வருகிறது. நம் கோயில்களில் குழல் விளக்கு உபயம் செய்பவர்கள் விளக்கு முழுவதும் தங்கள் பெயரை எழுதி வெளிச்சத்தை மறைத்துவிடுவார்கள் அல்லவா? அந்த ரகசியத்தை அமெரிக்கர்கள் லாரியில் கண்டுபிடித்திருக்கிறார்கள். வண்டியின் மூக்கிலிருந்து வால் வரையில் உபயதாரர் பெயர்தான்; ஓட்டியின் பெயர் ஜன்னலுக்குமேல் சிறிய எழுத்தில். ஐஸின் என்ற ஜப்பானிய உதிரிப்பாகக் கம்பெனியின் பெயர் ஹட்டோரியின் வண்டியில் உண்டு. ஆனால் ஒரு கம்பெனி உபயத்தில் 23 பந்தயங்களும் நடந்துவிடாது. சில வாரங்களில் அடுத்த ஊருக்கு வண்டி போகுமா போகாதா என்பதே சந்தேகம்.

இந்தக் குழுவுக்கு 2018-ல் ஓட்டியாக வந்து சேர்ந்தவர்தான் மாஃபிட். அயோவா ராஜ்யத்துக்காரர், அப்போது வயது இருபத்தைந்து. முன்பே கீழ்ப்படிப் பந்தயங்களில் ஹட்டோரியிடம் ஓட்டியவர். 2015-ல் நாஸ்காரின் மேல்படிப் பந்தயங்களில் அந்த வருஷத்துச் சிறந்த புது ஓட்டி என்ற பட்டத்தைக்கூட வாங்கியவர். பட்டம் வந்தது, நிரந்தரமாக ஓட்ட வண்டி வரவில்லை. 2017-ல் அவர் ஓட்டிக்கொண்டிருந்த ரெட் ஹார்ஸ் என்ற குழு பணமில்லாமல் பருவத்தின் நடுவிலேயே கதவைச் சாத்திற்று. ஆக, இடமில்லாத முதலாளியும் இடமில்லாத ஓட்டியும் சேர்ந்தார்கள். பட்டறையின் தலைமை மேஸ்திரி ஸ்காட் ஸிப்படெல்லி. இந்தக் கூட்டாளிகளிடம் ஒன்றும் பெரிதாக யாரும் எதிர்பார்க்கவில்லை.

பருவத்தின் இரண்டாவது பந்தயமாகிய அட்லாண்டாவில், பிப்ரவரி 24-ந் தேதி, பதினாறாம் நம்பர் முதலாவதாக வந்தது. ஹட்டோரியின் குழுவுக்கு லாரிப் பந்தயத்தில் அதுதான் முதல் ஜெயம். ஜூன் மாதத்தில் மாஃபிட் தம் சொந்த ராஜ்யமான அயோவாவிலேயே ஜெயித்தார். அதே மாதக் கடைசியில் சிகாகோலாந்தில் ஜெயம். ஆகஸ்டில் மிச்சிகனில் ஸாட்டரை நூலிழை வித்தியாசத்தில் முந்தினார். இதற்கிடையில் அடுத்த பந்தயத்துக்கு உபயம் கிடைத்ததா என்ற கவலையும் தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தது. ஜெயித்த வண்டிக்கு மாலை போட்டவுடன், அடுத்த வாரத்து டயருக்கு யாரிடம் கேட்பது என்று யோசிக்க வேண்டியிருந்தது.

ஒரு சிறு குழு பெரிய குழுக்களை எப்படி ஜெயித்தது என்று கேட்பீர்கள். ஒரு காரணம் சொல்லலாம். அந்த வருஷந்தான் நாஸ்கார், செலவைக் குறைப்பதற்காக, இல்மோர் கம்பெனி செய்த ஒரே மாதிரி யந்திரத்தை யார் வேண்டுமானாலும் உபயோகிக்கலாம் என்று வழி செய்தது. யந்திரத்தில் வித்தியாசம் குறைந்துவிட்டால் பிறகு எஞ்சுவது என்ன? வில்லை எவ்வளவு இறுக்குவது, டயரில் காற்று எவ்வளவு வைப்பது என்று தெரிந்த மேஸ்திரியின் மூளையும், ஓட்டியின் கையுந்தான். அவை இரண்டும் ஹட்டோரியிடம் இருந்தன. அவற்றை மட்டும் பாங்கியில் கடன் வாங்க முடியாது.

நவம்பர் மாதம் வந்தது. பீனிக்ஸில் மாஃபிட் ஜெயித்துக் கடைசி நால்வரில் ஒருவரானார். அப்போது இருந்த விதி இதுதான்: பருவத்தின் கடைசிப் பந்தயத்தில் அந்த நால்வரில் யார் முந்தி வந்தாரோ அவரே சாம்பியன். மற்ற மூவர் யார்? நோவா கிராக்ஸன், கைல் புஷ் குழுவைச் சேர்ந்தவர். ஸாட்டரும் ஜஸ்டின் ஹேலியும் ஜி.எம்.எஸ். குழுவைச் சேர்ந்தவர்கள். அந்த இரண்டும் பல லாரிகளை ஓட்டும் பெரிய பட்டறைகள். நாலாவது, ஹட்டோரியின் ஒற்றை லாரி. ஷார்லட்டிலிருந்து என் மருமான் தொலைபேசியில் இதைச் சொன்னபோது, எனக்கு ஏதோ நம் வீட்டுப் பையன் பரீட்சை எழுதப் போகிற மாதிரி இருந்தது.

நவம்பர் 16-ந் தேதி, மயாமிக்குத் தெற்கேயுள்ள ஹோம்ஸ்டெட் மைதானத்தில் மாஃபிட் சாம்பியன் பட்டம் பெற்றார். நால்வரில் முந்தினால் போதும் என்றிருந்தும், பந்தயத்தையே ஜெயித்துவிட்டார். அந்த வருஷத்தில் அது ஆறாவது ஜெயம்.

இவ்விடத்தில் கதை முடிந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்கவே மாட்டேன். பட்டம் வாங்கிய அன்றைக்கே, அடுத்த வருஷம் அந்த வண்டியை யார் ஓட்டுவது என்பது நிச்சயமில்லை. சில வாரங்களுக்குள் நிச்சயமாயிற்று. ஜார்ஜியாக்காரரான ஆஸ்டின் ஹில் என்ற இளைஞர், யுனைடெட் ரென்டல்ஸ் என்னும் பெரிய கம்பெனியின் உபயத்தோடு வந்தார். மாஃபிட்டிடம் உபயதாரர் இல்லை. பதினாறாம் நம்பரில் ஹில் ஏறினார். சாம்பியன் கீழே இறங்கினார்.

"இதென்ன மாமா அநியாயம்? கிரீடத்தைச் சம்பாதித்துக் கொடுத்தவனையே வெளியில் அனுப்பிவிட்டாரே உங்கள் ஜப்பான்காரர்!" என்று மருமான் தொலைபேசியில் சீறினான். வண்டி ஜெயித்த வரையில் "நம் ஜப்பான்காரர்". இப்போது "உங்கள் ஜப்பான்காரர்"!

நான் சட்டென்று பதில் சொல்லவில்லை. எனக்கு வேறொரு சம்பவம் ஞாபகம் வந்தது.

எங்கள் ஜில்லாவில் ஐந்து பஸ் வைத்திருந்த ஒரு சிறு கம்பெனியில் நான் கணக்கராக இருந்தேன். மழைக் காலத்தில் இரண்டு பஸ் ஒரே சமயத்தில் படுத்துக்கொண்டன. முதலாளி கடன் வாங்கிப் புதுப் பஸ் ஒன்று எடுத்தார். கடன் கொடுத்த கனவான் ஒரு நிபந்தனை போட்டார்: அவருடைய உறவுக்காரப் பையன்தான் புதுப் பஸ்ஸை ஓட்ட வேண்டும். அந்தப் பஸ்ஸை அதுவரையில் ஓட்டிக்கொண்டிருந்தவர், பதினைந்து வருஷத்தில் ஒரு கோழிக்குஞ்சைக்கூட இடித்தறியாத டிரைவர். முதலாளி இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் டிரைவருக்குக் கணக்குத் தீர்க்கச் சொன்னார். நான்தான் தீர்த்தேன். அவர் நோட்டுகளை இரண்டு தடவை எண்ணி மடியில் வைத்துக்கொண்டு, வாசற்படி வரையில் போய்விட்டுத் திரும்பி வந்தார். "ஐயா, புது வண்டியில் இரண்டாவது கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அந்தப் பையனிடம் சொல்லி வையுங்கள்" என்றார். முதலாளி அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. அடுத்த மாதம் முதல் தேதி, டிரைவர், கண்டக்டர், கிளீனர் எல்லாருமாக முப்பத்தொரு பேருக்கும் சம்பளம் பட்டுவாடா ஆயிற்று.

இதை மருமானிடம் சொன்னேன். "பஸ் வேறு, மாமா, பந்தயம் வேறு. பஸ் போய்ச் சேர்ந்தால் போதும். பந்தயத்தில் யார் முன்னால் வருகிறான் என்பது ஒன்றுதானே சரக்கு? ஜெயித்தவனுக்கே இடமில்லை என்றால் எதற்காகப் பந்தயம்?" என்றான். இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை, இன்றுவரையில் கிடைக்கவுமில்லை. ஆனால் என் கட்சியையும் விட்டுவிடவில்லை. ஹட்டோரி மாஃபிட்டை வைத்துக்கொண்டிருந்தால், சாம்பியனும் இருந்திருப்பார், மேஸ்திரியும் இருந்திருப்பார், வண்டி மட்டும் பட்டறையைவிட்டுக் கிளம்பியிராது. தமக்கும் ஒரு காலத்தில் ஓடும் பருவத்தில் வண்டி பறிபோன மனிதர் அவர். இறங்கச் சொல்லுகிறபோது எதிராளியின் வயிறு என்ன பாடு படும் என்று அவருக்குத் தெரியாதிருக்குமா? தெரிந்தும் சொன்னார். அவரைக் குற்றம் சொல்லுகிறவர்கள், உபயப் பணமில்லாமல் ஒரு லாரி ஓட முடியாதபடி செலவை ஏற்றி வைத்த ஏற்பாட்டையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இடைவேளை விட்டுச் சிறு முதலாளிக்கு டயர் மாற்ற அவகாசம் கொடுத்த பந்தயம் எங்கே, இது எங்கே?

"ஆலன் குல்விக்கி என்று ஒருவர் இருந்தார்" என்று மருமான் பேச்சை வேறு பக்கம் திருப்பினான். அந்தக் கதையும் கேட்கத் தகுந்ததுதான். விஸ்கான்ஸினைச் சேர்ந்த எஞ்சினீயர். தம் வண்டிக்குத் தாமே முதலாளி, தாமே ஓட்டி. பெரிய முதலாளி கூப்பிட்டும் போகாமல், 1992-ல் பத்தே பாயிண்டு வித்தியாசத்தில் மேல்படிப் பந்தயத்தின் சாம்பியனானார். அவர் ஓட்டியது ஃபோர்டு "தண்டர்பேர்டு" வண்டி. இடியின் பெயரைக் கொண்டது. கடைசிப் பந்தயத்தில் அந்தப் பெயரின் முதலிரண்டு எழுத்துக்களை எடுத்துவிட்டு "அண்டர்பேர்டு", அதாவது எளியவனின் பட்சி, என்று வைத்துக்கொண்டு ஓட்டினாராம்! 1993 ஏப்ரல் முதல் தேதி ஆகாய விமான விபத்தில் காலமானார். முதலாளியும் ஓட்டியும் ஒரே ஆளாக இருந்தால் ஒருவரை ஒருவர் இறக்கிவிட வேண்டிய சங்கடம் இல்லை என்பது மருமானின் சித்தாந்தம். வாஸ்தவந்தான். ஆனால் ஹட்டோரிக்கு அந்த வயது கடந்துவிட்டதே!

அப்புறம் நடந்தது யாருக்கும் சுலபமாகத் தீர்ப்புச் சொல்ல இடம் கொடுக்கவில்லை. 2019 பிப்ரவரியில் டேடோனாவில், ஹட்டோரியின் வண்டியில் ஏறிய முதல் பந்தயத்திலேயே ஹில் ஜெயித்துவிட்டார். பணத்தோடு வந்த பையனுக்கு ஓட்டவும் தெரிந்திருந்தது! அந்த வருஷத்தில் அவருக்கு நாலு ஜெயம். அவற்றில் கடைசி, மாஃபிட் முடிசூடிய அதே ஹோம்ஸ்டெட்டில். மாஃபிட்டும் சும்மா இருக்கவில்லை. முன்வருஷத்தில் தாம் தோற்கடித்த ஜி.எம்.எஸ். குழுவே அவரை அழைத்துக்கொண்டது. அவரும் 2019-ல் நாலு பந்தயங்களை ஜெயித்துக் கடைசி நால்வரில் மறுபடியும் இடம் பிடித்தார். பட்டம் மட்டும், அந்த வருஷம் ஒரு பந்தயத்தில்கூட முதலாவதாக வராத மேட் கிராஃப்டனுக்குப் போயிற்று. விதிகளை எழுதுகிறவர்கள் எப்போதாவது வேடிக்கைக்காகவும் எழுதுவார்கள் போலிருக்கிறது.

ஹில் 2020-ல் இரண்டும், 2021-ல் இரண்டுமாகப் பந்தயங்களை ஜெயித்துக் கொடுத்துவிட்டு, மேலே ஒரு படி ஏறிப் பெரிய குழு ஒன்றுக்குப் போய்விட்டார். உபயமும் அவரோடு போயிற்று. அதற்குப் பிறகு இரண்டு வருஷங்கள் டைலர் ஆங்க்ரம் என்ற இளைஞர் பதினாறாம் நம்பரை ஓட்டினார். ஜெயம் வரவில்லை. 2023-தான் அந்தக் குழு முழுதாக ஓடிய கடைசிப் பருவம்.

இதில் நான் மிகவும் யோசித்த ஒரு விஷயம் உண்டு. 2018-ல் ஹோம்ஸ்டெட்டில் கடைசி நால்வரை அனுப்பிய பட்டறைகள் மூன்று. அவற்றில் கைல் புஷ் தம்முடைய குழுவை 2023-ல் விற்றுவிட்டார். ஜி.எம்.எஸ். குழு அதே வருஷ முடிவில் லாரிப் பந்தயத்தைவிட்டு விலகிற்று. ஹட்டோரியின் பட்டறையும் அதே வருஷத்தோடு ஓய்ந்தது. பெரியதென்றும் சிறியதென்றும் நாங்கள் வாதாடிய மூன்றும், ஐந்து வருஷத்தில் ஒரே வாசல் வழியாக வெளியேறின.

2025-ம் வருஷம் ஏப்ரல் 5-ந் தேதி, சனிக்கிழமை, ஷார்லட்டுக்கு அடுத்த ஹன்டர்ஸ்வில் என்ற ஊரில் சாதாரணச் சாலை ஒன்றில் நடந்த மோட்டார் விபத்தில் ஷிகேயாகி ஹட்டோரி காலமானார். வயது 61. மணிக்கு இருநூறு மைல் வேகத்துக்குத் தப்பிப் பிழைத்தவர்.

என் மருமான்தான் இதையும் எனக்குத் தொலைபேசியில் சொன்னான். இந்தத் தடவை "உங்கள் ஜப்பான்காரர்" என்று அவன் சொல்லவில்லை. "ஹட்டோரி போய்விட்டார், மாமா" என்றான். அந்தச் சாலையில் தானும் எத்தனையோ தடவை வண்டி ஓட்டிக்கொண்டு போயிருப்பதாகச் சொன்னான். இரண்டு பேரும் சற்று நேரம் பேசவில்லை.

"அந்தப் பட்டறையில் வேலை செய்தவர்களெல்லாம் என்ன ஆனார்களடா?" என்று கேட்டேன்.

"வேறு பட்டறைகளுக்குப் போயிருப்பார்கள், மாமா. மூர்ஸ்வில்லில் பட்டறைக்கா பஞ்சம்?" என்றான்.